மூன்று மோட்டார்களும் ஒரு வழிகாட்டியும்

காலச் சக்கரம் – மாதத் தொடர்



பழைய மோட்டார் கார்களின் கதை என்றதுமே நம்மில் பலருடைய நினைவு அரண்மனைகளை நோக்கி ஓடிவிடும். அதற்குக் காரணமும் உண்டு. ஹைதராபாத் நிஜாமுக்காக 1912ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் காரை அறியாத கார்ப் பிரியர் இல்லை. அதன் பின்புறத்தில் அரியணை போன்றே ஓர் இருக்கை அமைக்கப்பட்டது. அதனைச் செய்யப் பணித்த ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலீ கான், கார் வந்து சேருமுன்னரே 1911இல் இவ்வுலகை விட்டுச் சென்றார். பல பத்தாண்டுகள் கழித்து அந்தக் காரின் தூரமானியைப் பார்த்தபோது, அது ஓடியிருந்தது சில நூறு மைல்களே! செப்பனிடப்பட்ட அக்கார் இன்று சௌமஹல்லா அரண்மனையில் காண்போர் கண்களுக்கு விருந்தாக நிற்கின்றது.

அழகிய கார்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் வாகனம் என்பது மனிதனைச் சுமந்து செல்வதற்காகவே படைக்கப்பட்டது. ஆதலின் இம்மாதம், ஓடி உழைத்துத் தேய்ந்துபோன சில கார்களின் வரலாற்றைக் காண்போம். கண்ணாடிக் கூடத்தில் நிற்கும் பேறு அவற்றுக்குக் கிட்டவில்லை. ஆனால் ஷாம் தேசத்துக்கும் பக்தாதுக்கும் இடையே கிடந்த பெரும் பாலையைக் கடந்து, இரண்டு உலகங்களை இணைத்த பெருமை அவற்றுக்கு உண்டு.

நடுவே கிடந்த பாலை

சிரியாவின் தலைநகர் திமிஷ்க். அதனை டமாஸ்கஸ் என்றும் வழங்குவர். அங்கிருந்து பக்தாதுக்கு நேர்க்கோடு ஒன்று இழுத்தால், ஏறத்தாழ 750 கிலோமீட்டர் தூரம் வரும். இரண்டுமே இஸ்லாமிய வரலாற்றின் மணிமுடிகள். ஒன்று உமையாக்களின் தலைநகரம். மற்றொன்று அப்பாஸியாக்களின் தலைநகரம். ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவே கல்லும் சரளையும் களிமண் தளங்களும் நிறைந்த பாலை கிடந்தது. அதன் பெரும்பகுதியில் நீர் இல்லை, நிழல் இல்லை, ஊர் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை.

ஆகவே வணிகக் கூட்டங்கள் பல, இந்த நேர்வழியைத் தவிர்த்து வடக்கே ஹலப் வரை சென்று, ஃபுராத் நதியோரமாகவே இறங்கி வந்தன. நேரே கடந்தவர்கள் ஒட்டகங்களுடன் வாரக்கணக்கில் பயணம் செய்தனர்.

இந்தப் பாலையை எண்ணும்போது, ஹிஜ்ரி 13ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு பயணம் நினைவுக்கு வராமல் இராது. கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்களின் ஆணையை ஏற்று, காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் ஈராக்கிலிருந்து ஷாம் நோக்கிப் புறப்பட்டார்கள். அவர்கள் சென்ற வழித்தடம் எது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் நீரற்ற பாலையில் ஐந்து நாள் பயணம் என்பதும், ராஃபிஉ என்னும் தய் கோத்திரத்தார் வழிகாட்டியாக வந்தார் என்பதும் பழைய நூல்களில் பதிவாகியுள்ளன. ஒட்டகங்களைத் தாகத்தில் வாட விட்டுப் பின்னர் வயிறு நிறைய நீரருந்தச் செய்து, அவை அசைபோடாதவாறு வாயைக் கட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் சிலவற்றை அறுத்து, அந்நீரைக் குதிரைகளுக்கு ஊட்டினார்கள் என்று அவை கூறுகின்றன.

ஐந்தாம் நாள் வந்தது. ராஃபிஉவுக்கோ கண் நோய், பார்வை மங்கியிருந்தது. இவ்விடத்தில் ஒரு முட்புதர் இருக்க வேண்டும், தேடுங்கள் என்றார். தேடியவர்கள் இல்லை என்றனர். மறுபடியும் தேடச் சொன்னார். வெட்டப்பட்டு அடிக்கட்டை மட்டும் எஞ்சியிருந்த புதர் தென்பட்டது. அதன் அருகே தோண்டினார்கள். நீர் சுரந்தது. சிறுவனாக இருந்தபோது தம் தந்தையுடன் ஒரே ஒரு முறைதான் அந்த நீர்நிலைக்கு அவர் வந்திருந்தாராம்!

படைக்கு வீரம் இருந்தது; குதிரைகள் இருந்தன. ஆயினும் பாலையைக் கடக்க, அதனை அறிந்த ஒருவரின் சொல் வேண்டியிருந்தது. இதனை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழிந்து மோட்டார் வந்தபோதும் இதே நிலைதான் ஏற்பட்டது.

போருக்குப் பின் வந்த இருவர்

முதல் உலகப் போர் முடிந்தது. உஸ்மானியப் பேரரசு சிதைந்தது. சிரியாவும் லெபனானும் பிரெஞ்சுக்காரரின் ஆதிக்கத்திலும், ஈராக்கும் பாலஸ்தீனமும் ஆங்கிலேயரின் ஆதிக்கத்திலும் வந்தன. அந்தப் போரில் ஆங்கிலேயப் படையில் பணிபுரிந்த நியூசிலாந்து நாட்டுச் சகோதரர் இருவர் ஊர் திரும்பாமல் இப்பகுதியிலேயே தங்கிவிட்டனர். அவர்கள் நார்மன் நெய்ர்ன், ஜெரால்டு நெய்ர்ன் என்போர். மோட்டார் தொழிலில் முன்னரே பழக்கமுள்ளவர்கள்.

பைரூத்தில் கார் விற்கும் கடை ஒன்றை அவர்கள் திறந்தனர். எதிர்பார்த்த வியாபாரம் நடக்கவில்லை. ஆதலின் விற்காத கார்களையே வாடகைக்கு ஓட்டத் தொடங்கினர். ஹைஃபாவுக்கும் பைரூத்துக்கும் இடையே கடலோரமாகப் பயணிகளை ஏற்றிச் சென்றனர். செம்மையான சாலை இல்லாத இடங்களில் கடற்கரை மணலிலேயே கார் ஓடியது. குதிரை வண்டிக்காரர்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். அவர்கள் எதிர்த்ததில் வியப்பென்ன? அவர்களுடைய அடுப்பு எரிவதும் அந்தப் பாதையால்தானே! இக்கேள்விக்குப் பின்னர் வருவோம்.

அந்நாளில் லண்டனிலிருந்து பக்தாதுக்கு ஒரு கடிதம் போக வேண்டுமானால், அது கப்பலேறி சூயஸ் கால்வாய் கடந்து, பம்பாய் வந்து, அங்கிருந்து பஸ்ராவுக்கு மீண்டும் கப்பலேற வேண்டும். வாரங்கள் பல கழியும். 1921இல் கெய்ரோவிலிருந்து பக்தாதுக்கு விமானத் தபால் தொடங்கியது. விமானிகள் வழி தவறாதிருக்கப் பாலைத் தரையில் அடையாளத் தடமே இட வேண்டியிருந்தது! அதுவும் சிறு அளவிலான தபாலுக்கே உதவியது. சாதாரணப் பயணிக்கு வழி ஏதும் இல்லை.

இந்நிலையில் 1923ஆம் ஆண்டின் தொடக்கத்தில், திமிஷ்கிலிருந்த ஆங்கிலேயத் தூதரக அதிகாரி பாமர் என்பவர் நெய்ர்ன் சகோதரர்களிடம் ஒரு கேள்வியை எழுப்பினார். பாலையை நேரே காரில் கடக்க முடியுமா?

முஹம்மத் இப்னு பஸ்ஸாம்

இக்கேள்விக்கு விடை நியூசிலாந்துக்காரர்களிடம் இல்லை. விடை தெரிந்தவர் வேறொருவர். அவர் பெயர் ஷைக் முஹம்மத் இப்னு பஸ்ஸாம். திமிஷ்க் நகரத்தின் பெரிய வணிகர். அவருடைய ஒட்டகங்கள் இப்பாலையில் நெடுங்காலம் போய்வந்தவை. பாலைவழியே பொன் கடத்தியவர் என்றும் அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. எவ்வாறாயினும், எந்தத் தளம் மழையில் சேறாகும், எந்தக் கணவாயில் சக்கரம் ஏறும், எந்தக் கோத்திரத்தின் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பதெல்லாம் அவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் மனப்பாடம்.

1923 ஏப்ரலில் முதல் வெள்ளோட்டம் நடந்தது. மூன்று கார்கள் புறப்பட்டன. ஒன்று ப்யூக், மற்றொன்று ஓல்ட்ஸ்மொபில், மூன்றாவது லான்சியா. பாதை காட்ட இப்னு பஸ்ஸாமின் ஆள் உடன் சென்றார். சில நாட்களில் அவை பக்தாத் போய்ச் சேர்ந்தன. மேலும் சில சோதனை ஓட்டங்கள் நடந்தபின், அதே ஆண்டு அக்டோபர் மாதம் முறையான தபால், பயணிகள் போக்குவரத்து தொடங்கியது.

கோத்திரங்களின் எல்லைகளில் வண்டிகள் பத்திரமாகச் செல்ல இப்னு பஸ்ஸாம் ஏற்பாடு செய்தார். அதற்கெனத் தொகை கொடுக்கப்பட்டது. அக்காலப் பாலைச் சட்டம் அதுவே. வழிப்போக்கனுக்கு அடைக்கலம் தந்தவர், அவனுடைய உயிருக்கும் பொருளுக்கும் பொறுப்பேற்பார். எழுதிய பத்திரத்தைவிடச் சொன்ன சொல்லுக்கே அங்கு மதிப்பு அதிகம்.

மூன்று கார்கள், மூன்று வாழ்க்கைகள்

அந்த மூன்று கார்களின் பின்னணியும் அறியத்தக்கது.

ப்யூக் காருக்குத் தம் பெயரைத் தந்த டேவிட் ப்யூக், ஸ்காட்லாந்தில் பிறந்து சிறு வயதிலேயே அமெரிக்கா சென்றவர். குழாய் வேலைக்கான பொருள்கள் செய்யும் தொழிலில் இருந்தவர். இரும்புக் குளியல் தொட்டிக்கு எனாமல் பூசும் முறையால் நல்ல பொருள் ஈட்டினார். அந்தச் செல்வத்தை எல்லாம் எஞ்சின் ஆய்வில் கொட்டினார். 1903இல் ப்யூக் நிறுவனம் பிறந்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே அவர் அதிலிருந்து விலக நேர்ந்தது. 1908இல் தோன்றிய ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் மாபெரும் நிறுவனத்துக்கு அடித்தளமாக அமைந்தது ப்யூக். அதன் பெயருக்குரியவரோ 1929இல் வறிய நிலையில் டெட்ராய்ட் நகரில் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய கார்கள் அப்போது பாலையிலும் ஓடிக்கொண்டிருந்தன!

ஓல்ட்ஸ்மொபில் காரின் தந்தை ரான்சம் ஓல்ட்ஸ். 1897இல் தொடங்கிய அவருடைய நிறுவனம், பெரும் எண்ணிக்கையில் ஒரே மாதிரியான கார்களைச் செய்து விற்ற முன்னோடிகளுள் ஒன்று. அவரும் 1904இல் பங்காளிகளோடு மனம் ஒவ்வாமல் வெளியேறினார். தம் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ரியோ’ என்று புதிய நிறுவனம் கண்டார். ஓல்ட்ஸ்மொபில் என்ற பெயர் 2004ஆம் ஆண்டுவரை நிலைத்து, பின்னர் மறைந்தது.

லான்சியா இத்தாலி நாட்டுக் கார். வின்சென்சோ லான்சியா முதலில் ஒரு வண்டிக் கடையில் கணக்கெழுதச் சேர்ந்தார். கணக்கைவிட எஞ்சினில்தான் அவருக்கு ஈடுபாடு. பந்தய ஓட்டுநராகிப் புகழ்பெற்று, 1906இல் டூரின் நகரில் சொந்தத் தொழிற்சாலையை நிறுவினார்.

குழாய் வேலைக்காரரின் கார், பங்காளிகளால் வெளியேறியவரின் கார், கணக்கெழுத வந்தவரின் கார். இம்மூன்றும் ஓர் அரபு வழிகாட்டியின் பின்னே பக்தாத் சென்றன. யார் உழைப்பு யாருக்குப் பயன்படும் என்பதை இறைவனே அறிவான்.

அளவு தவறாத இரும்பு

நாளடைவில் நெய்ர்ன் நிறுவனம் பாலை ஓட்டத்துக்குப் பெரிதும் நம்பியது காடிலாக் கார்களை. ஏழு பேர் அமரக்கூடிய பெரிய திறந்த கார்கள் அவை. எட்டு சிலிண்டர் எஞ்சின் பூட்டியவை. இந்தக் காடிலாக் காரின் உண்மையான சிறப்பு என்ன தெரியுமா? அது அதன் பளபளப்பன்று, அளவின் துல்லியம்.

நிறுவனத்தை வளர்த்த ஹென்றி லேலண்ட் என்பவர், துப்பாக்கித் தொழிலிலும் நுண்கருவித் தொழிலிலும் பயின்றவர். அந்நாளில் பெரும்பாலான கார்களில், ஓர் உதிரி பாகத்தை மாற்ற வேண்டுமானால் அதனை அரத்தால் ராவித்தான் பொருத்த வேண்டும். ஒரே நிறுவனத்தின் இரண்டு கார்களுக்குள்ளேயே ஒன்றின் பாகம் மற்றொன்றில் சேராது. லேலண்ட் இதனை ஏற்கவில்லை. ஒவ்வொரு பாகமும் குறித்த அளவுக்கு ஒரு மயிரிழையும் பிசகாதிருக்க வேண்டும் என்றார்.

1908இல் இங்கிலாந்தின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் இதனைச் சோதித்தது. மூன்று காடிலாக் கார்கள் புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் அக்கக்காகக் கழற்றப்பட்டன. பாகங்கள் ஒன்றோடொன்று கலக்கப்பட்டன. அவற்றிலிருந்து 89 பாகங்களை எடுத்துவிட்டு, கடையில் இருந்த புதிய பாகங்களைச் சேர்த்தனர். அந்தக் குவியலிலிருந்து, ஸ்பானரும் திருப்புளியும் மட்டுமே கொண்டு, மீண்டும் மூன்று கார்கள் பூட்டப்பட்டன. மூன்றும் கிளம்பின, 500 மைல் ஓட்டத்தையும் முடித்தன. அதற்காக அந்த ஆண்டின் டூவார் கோப்பை அந்நிறுவனத்துக்குக் கிடைத்தது.

ஊருக்குள் ஓடும் காருக்கு இது ஒரு வசதி. பாலையில் ஓடும் காருக்கோ இது உயிர். நடுப்பாலையில் ஒரு வண்டி நின்றுவிட்டால் ராவிக்கொண்டிருக்கப் பட்டறை ஏது? கையிலிருக்கும் பாகம் உடனே பொருந்த வேண்டும். தொலைதூரத்தில் எவனோ ஒரு தொழிலாளி தன் அளவுகோலை நேர்மையாக வைத்திருந்ததனால், அவன் முகமே அறியாத பயணி ஒருவர் பாலையில் உயிர் தப்பினார். அளவிலும் நிறுவையிலும் நேர்மை வேண்டும் என்று நம் மார்க்கம் இத்துணை வலியுறுத்துவதன் பொருளைத் தராசுக் கடைக்கு மட்டும் உரியதாக நாம் சுருக்கிக்கொள்ள வேண்டாம்.

பாலையின் பாடங்கள்

கார்கள் தனியே செல்வதில்லை, கூட்டாகவே சென்றன. ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும். பெட்ரோல் டின்களும் தண்ணீரும் உபரி டயர்களும் ஏற்றிக்கொள்ளப்பட்டன. பகல் வெயிலில் டயர்கள் கொதித்து வெடிக்கும்; ரேடியேட்டர் நீர் ஆவியாகும். ஆதலின் இரவின் குளிர்ச்சியில் நெடுந்தூரம் ஓட்டினர்.

ஆனால் வெயிலைவிட மழையே பெரும் பகை. கோடையில் பளிங்குத் தரைபோல் கிடந்து, கார் மிக விரைவாகப் பறக்க இடமளிக்கும் களிமண் தளங்கள், குளிர்கால மழையில் வழுக்கும் சேறாக மாறிவிடும். அதில் இறங்கிய வண்டி சில வேளைகளில் நாட்கணக்கில் அகப்பட்டுக்கொள்ளும். கானல் நீரோ மற்றொரு சோதனை. கண்ணெதிரே ஏரி தெரியும், மேடு தெரியும், அருகே சென்றால் ஒன்றும் இராது. ஓட்டுநர் தம் கண்ணைக்கூட நம்ப முடியாத நிலம் அது.

பாதி வழியில் இருந்த ருத்பா கிணறுகள் பயணிகளின் ஆறுதல். ஈராக் அரசு அங்கே கோட்டை போன்ற ஒரு கட்டடத்தை எழுப்பியது. காவலர் முகாமும் தங்கும் விடுதியும் அதனுள்ளேயே அமைந்தன. இரவெல்லாம் குலுங்கி வந்தவர்களுக்கு அங்கே சூடான உணவு கிடைத்தது. பிற்பகுதியில் ஃபுராத் நதியைக் கடந்து ஃபல்லூஜா வழியே வண்டிகள் பக்தாதை அடைந்தன.

இவ்வளவுக்கும் பின்னர் விளைந்த பயன் என்ன? வாரக்கணக்கில் கிடந்த லண்டன்–பக்தாத் கடிதம் சுமார் பத்து நாட்களில் கைக்கு வந்தது. ஈராக்கிலும் ஈரானிலுமிருந்து ஹஜ்ஜுக்குச் செல்வோரில் ஒரு பகுதியினர் இவ்வாறான மோட்டார்களில் பைரூத் துறைமுகம் வந்து கப்பலேறலாயினர். புகழ்பெற்ற ஆங்கில நாவலாசிரியை அகதா கிறிஸ்டி 1928இல் திமிஷ்கிலிருந்து பக்தாத் சென்றதும் நெய்ர்ன் நிறுவனத்தின் பஸ்ஸில்தான். அப்போது கார்களுக்குத் துணையாக ஆறு சக்கரங்கள் கொண்ட பெரிய பஸ்கள் வந்துவிட்டிருந்தன.

1937இல் வந்தவை இன்னும் வியப்புக்குரியவை. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்து பட் நிறுவனம், துருப்பிடிக்காத எஃகினால் ரயில் பெட்டிகள் செய்து பெயர் பெற்றது. அதே எஃகில், இழுவை வண்டியால் இழுக்கப்படும் நீண்ட பஸ்களை நெய்ர்ன் நிறுவனத்துக்காக அது செய்து தந்தது. உள்ளே குளிர்சாதன வசதி! அந்நாளில் பெருநகரத்து மாளிகைகளிலேயே அரிதாக இருந்த வசதி, நடுப்பாலையில் ஓடும் பஸ்ஸில் கிடைத்தது. ஒட்டகத்தில் வாரக்கணக்கில் கடந்த தூரம் ஒரு நாளுக்குள் அடங்கியது.

சொல் முறிந்தபோது

இத்தனை முன்னேற்றத்துக்கும் இடையே 1925இல் ஒரு பேரிடர் வந்தது. பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக ஜபலுத் துரூஸ் மலையில் எழுந்த கிளர்ச்சி சிரியா முழுதும் பரவியது. அக்டோபர் மாதம் பிரெஞ்சுப் படை திமிஷ்க் நகரத்தின் மீதே குண்டு வீசியது. பழம்பெரும் அந்நகரின் ஒரு பகுதி எரிந்து சாம்பலாயிற்று.

மக்களின் மனம் இவ்வாறு புண்பட்டிருக்கையில் பாலைவழி எங்ஙனம் அமைதியாக இருக்கும்? மோட்டார் கூட்டங்கள் வழிமறிக்கப்பட்டன, கொள்ளையிடப்பட்டன. திமிஷ்க் வழியைக் கைவிட்டு, தெற்கே அம்மான் வழியாகவும் வடக்கே தத்முர் வழியாகவும் வண்டிகள் சுற்றிச் செல்ல நேர்ந்தது. தெற்கு வழியிலோ கருங்கற்கள் பரந்த கரடுமுரடான நிலம். டயர்கள் கிழிந்தன, ஸ்பிரிங்குகள் முறிந்தன.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அதே காடிலாக் கார்கள், அதே ஓட்டுநர்கள், அதே பாலை. எஞ்சினின் வலிமை ஒரு குதிரைச் சக்திகூடக் குறையவில்லை. குறைந்தது அமைதியும் நம்பிக்கையுமே. அடைக்கலம் தந்த சொல்லுக்கு மேலே பீரங்கியின் சொல் ஒலித்தபோது, உலகின் மிகச் சிறந்த காரும் வழியற்று நின்றது.

இழந்தவர்களின் கணக்கு

நெய்ர்ன் சகோதரர்களின் துணிவையும் ஒழுங்கையும் பாராட்டுவதில் தவறில்லை. ஆயினும் வரலாற்றை ஒரு பக்கம் மட்டும் படிப்பது நீதியாகாது. இந்தப் பாதை ஆதிக்க அரசுகளின் தபாலுக்கும் நிர்வாகத்துக்கும் பெரிதும் பயன்பட்டது. மேலும், மோட்டார் ஓடத் தொடங்கிய பின் ஒட்டகக்காரர்களின் நிலை என்னவாயிற்று?

ஒட்டகத்தை வளர்ப்பவர், வாடகைக்கு விடுபவர், சேணம் தைப்பவர், கிணற்றடியில் நீர் இறைப்பவர் எனப் பல குடும்பங்கள் அந்தப் பாதையை நம்பி வாழ்ந்தன. இதே மாற்றம் ஹிஜாஸிலும் நிகழ்ந்தது. 1920களின் பிற்பகுதியிலிருந்து ஜித்தாவுக்கும் மக்காவுக்கும் இடையே ஹாஜிகளுக்கான மோட்டார்கள் பெருகின. அதற்கு முன்னர் நம் தமிழகத்துப் பெரியவர்கள் பம்பாயில் கப்பலேறி, ஜித்தாவில் இறங்கி, ஒட்டகத்தில் இரவுகளைக் கழித்தே மக்கா சேர்ந்தனர். மதீனாவுக்கோ பத்து நாட்களுக்கும் மேலான ஒட்டகப் பயணம். முதியோரும் பெண்களும் நோயாளிகளும் பட்ட துன்பம் சொல்லில் அடங்காது. மோட்டார் அத்துன்பத்தைப் போக்கியது. அதே மோட்டார், தலைமுறை தலைமுறையாக ஹாஜிகளைச் சுமந்த ஒட்டகக்காரர்களின் பிழைப்பையும் எடுத்துக்கொண்டது.

இரண்டும் உண்மை. வசதி வந்தது அருள்தான். அந்த அருளுக்கு நன்றி செலுத்துவது என்பதில், அதனால் வாழ்விழந்தவரை எண்ணிப் பார்ப்பதும் அடங்கும். பாலைப் பாதையில் தொடக்கத்திலேயே இப்னு பஸ்ஸாமையும் கோத்திரங்களையும் உடன்சேர்த்துக்கொண்டு, அவர்களுக்கும் ஒரு பங்கு தந்தார்கள். அதனாலன்றோ பாதை திறந்தது! ஹைஃபா கடற்கரையில் குதிரை வண்டிக்காரர்களை ஒதுக்கிவிட்டு ஓட முயன்றபோது சண்டையே மிஞ்சியது. ஒரு புதுத் தொழில் ஊருக்குள் வரும்போது எவ்வாறு வர வேண்டும் என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதுமானது. நம் ஊர்களில் கைத்தறி, பாய் நெசவு போன்ற தொழில்களில் இயந்திரம் நுழைந்த வேளைகளை நினைவுகூரும் பெரியோருக்கு இதன் கனம் நன்கு விளங்கும்.

எஞ்சியது என்ன?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் விமானங்கள் மலிந்தன. புதிய அரசுகளும் புதிய எல்லைச் சட்டங்களும் வந்தன. நெய்ர்ன் சகோதரர்கள் தொழிலிலிருந்து ஓய்வுபெற, நிறுவனம் ஊழியர்களின் கைக்கு மாறி, 1950களின் இறுதியில் முடிவுற்றது. அன்று சக்கரத் தடங்களாகத் தொடங்கிய அப்பெரும் பாலையில் பின்னர் தார்ச் சாலைகள் பிறந்தன.

முதலில் சென்ற மூன்று கார்களைப் பற்றி எண்ணும்போது நமக்குத் தெளிவாவது இதுவே. அன்று பாலையைத் திறந்தது எஞ்சின் மட்டுமன்று. அளவு தவறாத தொழிலாளியின் அமானிதம் ஒன்று. வழியறிந்தவரின் சொல்லாகிய அமானிதம் மற்றொன்று. ஒப்படைத்த தபாலையும் பயணியையும் பத்திரமாகச் சேர்ப்பித்த ஓட்டுநரின் அமானிதமும் அவற்றோடு சேரும். இவற்றில் எதுவொன்று குறைந்தாலும் வண்டி நடுவழியில் நின்றிருக்கும்.

வாகனத்தில் ஏறி அமரும்போது ஓத வேண்டிய துஆவை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். இதனை வசப்படுத்தும் ஆற்றல் நமக்கு இயல்பாக இருந்ததில்லை என்னும் ஒப்புதல் அதன் பொருளில் அடங்கியுள்ளது. பழைய கார்ப் படங்களை ஆவலோடு பார்க்கும் பிள்ளைகளிடம், அதன் வேகத்தையும் விலையையும் கூறுவதோடு இக்கதையையும் சேர்த்துக் கூறுங்கள். பார்வை மங்கிய ராஃபிஉவின் முட்புதரையும், இப்னு பஸ்ஸாமின் ஆளுக்குப் பின்னே சென்ற ப்யூக் காரையும் அவர்கள் ஒன்றாக நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் வேறொரு வாகனத்தின் வரலாற்றோடு சந்திப்போம். வஸ்ஸலாம்.